கைப்பிடி வைத்த பெட்டி

ஆவணி 2, ஞாயிறு

ரைஸ்மில்காரர் கொடுத்த இந்த டைரியில் தை மாதத்திலிருந்து வரவு செலவு மட்டும்தான் எழுதி வருகிறேன். இன்று முதல் பேச்சையும் எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு பெரிய செலவு வருகிறது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எல்லோரும் மாற்றிச் சொல்வார்கள்.

மகள் சிந்துஜாவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அவள் பார்ப்பது, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டும் வேலை. கோயமுத்தூர் இன்ஜினியர் ஒருவர் பிளான் அனுப்புவார். இவள் அதற்குச் சுவர் எழுப்பி, வர்ணம் அடித்து, வாசலில் செடியும் வைத்து அனுப்புவாள். இருக்கும் மடிக்கணினி அந்தப் பாரம் தாங்காமல் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. அடியில் ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கடையில் தயாராக இருப்பதை வாங்க வேண்டும். “பொட்டியப் பிரிச்சமா, சொருகுனமான்னு இருக்கோணும். பில்லு இருக்குது, கம்பெனி இருக்குது. கேடு வந்தா ஒருத்தன் சட்டையப் புடிக்கலாம்ல?” என்கிறார். சிந்துவுக்கு ஒவ்வொரு பாகமாக வாங்கி நம் வேலைக்குத் தகுந்த மாதிரி சேர்த்துக் கட்டுவதுதான் வேண்டும். அசெம்பிள் என்று அதற்குப் பெயர்.

பணம் என் சீட்டுப் பணம். ஜாக்கெட் தைத்துக் கட்டியது. அதனால், “முடிவு நீயே சொல்லு வசந்தா, அப்பறம் என்றமேல பழி போடாத” என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். ஆடி மாதம் சிந்துவின் சிநேகிதி நவீனா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். மூன்று பெண்களாக ஒரு வீடெடுத்து இதே தொழிலைச் சொந்தமாகச் செய்யலாம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தால் போதும் என்றாள். “கண்ணாலம் முடியட்டும், பொறகு எந்த ஊருக்கு வேணாலும் போ” என்று அவர் சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது அவள் மடிக்கணினி கேட்கவில்லை. மேசையில் வைக்கும் பெரியதைக் கேட்கிறாள். இந்த வீட்டை விட்டு நகர நினைப்பவள் மேசையை விட்டு நகராத பொருளைக் கேட்பாளா? மனதுக்கு நிறைவாக இருந்தது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.


ஆவணி 4, செவ்வாய்

அவரும் நானும் திருப்பூர் ஷோரூமுக்குப் போனோம். உள்ளே மார்கழி மாதிரி குளிர். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி வந்தான். கறுப்பாக, பீரோவின் குட்டி மாதிரி ஒன்றைக் காட்டினான்.

“இதுக்குள்ள என்னங்க தம்பி இருக்குது?”

“எல்லாமே இருக்கும்மா.”

“எல்லாமேன்னா?”

“லேட்டஸ்ட் எல்லாம் இருக்கும்மா. கம்பெனியே பாத்துப் போட்டிருப்பாங்க.”

“சித்தெ தெறந்து காட்டறீங்களா?”

அவன் சிரித்தான். திறந்தால் சீல் போய்விடுமாம். சீல் போனால் வாரண்டியும் போய்விடுமாம். புளி வாங்கினாலும் நடுவில் பிய்த்து, கொட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்குவதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாதென்றால், உள்ளே பார்க்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு பை இலவசம், எலிக்கு அடியில் வைக்கும் விரிப்பு இலவசம் என்று அடுக்கினான். இலவசம் நீளநீள எனக்குச் சந்தேகமும் நீண்டது. அவருக்குக் குளிர்ந்த மாதுளை ஜூஸ் கொடுத்தார்கள். அவர் கட்சி அங்கேயே முடிவாகிவிட்டது.


ஆவணி 5, புதன்

ஜாக்கெட் மூன்று முடிந்தது. டை கட்டிய தம்பி அவர் போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்கு ஏன் இந்த அவசரம்?


ஆவணி 7, வெள்ளி

சிந்துவோடு லோகுவின் கடைக்குப் போனேன். திருப்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. லோகு என்கிற லோகநாதன்தான் கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவன். முப்பத்தைந்து வயது இருக்கும். கடை முழுக்க வயிறு திறந்த பெட்டிகள். திருகாணிகளை டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு வைத்திருக்கிறான். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்துகொண்டே இருந்தது. வாசனையில் மயக்கி விற்கிறானோ என்று முதலில் நினைத்தேன்.

அவன் விலை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான். “யாருக்குங்க? என்ன வேலைக்குங்க? எங்க வெக்கப் போறீங்க?”

மூன்றாவது கேள்விக்கு சிந்து முந்திக்கொண்டாள். “வீட்லதாண்ணா. மேசை மேல.” இவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஷோரூம் பெட்டியை லோகு எனக்குத் திறந்து காட்டினான். “பாருங்க்கா, இதுதான் கரெண்டு குடுக்கற பொட்டி. அளவு சிறுசு. சிந்து வேலைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணும். அத இதுல போட்டா இது தாங்காது. வேற மாத்தலாம்னா, இந்தக் கம்பெனி பொட்டிக்குள்ள வேற சைஸ் ஒக்காராது.”

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ரெடிமேட் ஜாக்கெட்டில் தையலுக்கு உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள். பிறகு பிரித்துப் பெரிதாக்க முடியாது. அளவெடுத்துத் தைப்பவர்கள்தான் உள்ளே அரை இஞ்சாவது விடுவார்கள். சொன்னேன். லோகு கைதட்டிவிட்டான். “அக்கா, நாளைக்கே கடைக்கு வந்துருங்க. எனக்கு இத இப்படிச் சொல்லத் தெரியாமத்தான் பாதிக் கிராக்கி போயிருச்சு.”

புகழ்கிறான். புகழ்கிறவனிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பாகங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தான். எல்லாவற்றையும் அடைக்கும் வெளிப்பெட்டிக்கு எதிரே மட்டும் சிந்து தானே பேனாவை வாங்கி ஒரு பெயர் எழுதினாள். போனில் படம் காட்டினாள். முன்பக்கம்தான் தெரிந்தது. கொழுக்கட்டைப் பானை அளவுக்குச் சின்னதாக இருந்தது. விலையோ பெரிய பெட்டியைவிடக் கூட.

“சிறுசுக்கு எதுக்குங்க சாஸ்தி வெல?”

“சிறுசுக்குள்ள அடைக்கறதுதாங்க்கா கஷ்டம்” என்றான் லோகு. சிந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஆவணி 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. வடாம் காயப்போட்டேன், காக்கைக்குக் கறுப்புத்துணி கட்டினேன்.

நேற்றிலிருந்து ஒன்று நெருடுகிறது. பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அசெம்பிள் என்றார்கள். பெரிதாக்க நினைப்பவர்கள் பெரிய பெட்டியல்லவா வாங்க வேண்டும்? சின்னது எதற்கு? இங்கே இடப் பஞ்சமா? மேசையில் ஒரு ஆளே படுக்கலாம்.

லோகு அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறான்?


ஆவணி 10, திங்கள்

சிந்து மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். வடாம் எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும், “சரிண்ணா, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

“யாரு அம்மிணி?”

“லோகு அண்ணாம்மா. ரேம் வெல ஏறிருச்சாம்.”

ரேம் விலை ஏறினதைச் சொல்ல மாடிக்கு ஏன் போக வேண்டும்? அண்ணா அண்ணா என்று சொல்கிறாள் என்பதால் எதுவும் இல்லையென்று ஆகிவிடுமா? வயதுப் பெண். அவன் விரலில் மோதிரம் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவரிடம் சொன்னால் குதிப்பார். நாளைக்கு லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நானே போய்ப் பார்த்து வருகிறேன்.


ஆவணி 11, செவ்வாய்

போனேன்.

கடையில் ஒரு பெண் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், ஏழெட்டு மாத வயிறு. லோகுவின் மனைவியாம். என்னை உட்கார வைத்துக் கீழேயிருந்து தேங்காய் பன் வரவழைத்தாள். பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வந்த காரணம் அப்படி.

இருந்தாலும் வந்ததற்குக் கேட்டுவிடுவது என்று, “எம்பொண்ணு அடிக்கடி போன் பண்றாளாட்டம் இருக்குதுங்க” என்றேன்.

மனைவிதான் பதில் சொன்னாள். “அதயேன்க்கா கேக்கறீங்க! எனக்குப் போட்டியா ஒருத்தி வந்துட்டான்னு நானே சொல்லீட்டு இருக்கறேன். ஒரு நாளைக்கு நாலு கேள்வி. இவரு அத்தனைக்கும் பதில் சொல்லோணும். என்ற கேள்விக்கு ஒண்ணுக்கும் பதில் கெடையாது.”

“அக்கா, எல்லாம் அந்தப் பொட்டியப் பத்தித்தான்” என்றான் லோகு, தலையைத் தூக்காமலே. “மேல கைப்பிடி வெச்சது வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. தூக்கீட்டுப் போறதுக்குத் தோதா இருக்கோணும், பயணத்துல உள்ள எதுவும் ஆடக்கூடாதுன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் கார்டுக்கு அடியில ஒரு முட்டுக் குடுக்கலாம்னு பேசீட்டு இருந்தம்.”

மோதிரம் போட்டிருந்தான். நன்றாகவே தெரிந்தது.

கைப்பிடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

லைனிங் துணி வாங்க மறந்துவிட்டேன்.


ஆவணி 12, புதன்

கைப்பிடி இருந்தால் நல்லதுதான். மேசையைத் துடைக்கும்போது தூக்கி நகர்த்தி வைக்கலாம். மூலையில் சேரும் தூசியைக் கூட்டலாம். சிந்து சுத்தக்காரி, அதற்காகத்தான் கேட்டிருப்பாள்.

இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. கம்பெனிப் பொருளுக்கு பில் உண்டு. நாளைக்கு லோகு கடையைக் காலி செய்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது? தவிர, ஷோரூம் பெட்டி நல்ல கனம். அசையாது.

காலைச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்லிவிட்டேன். “அப்படி வா வழிக்கு” என்று இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டார்.


ஆவணி 13, வியாழன்

சண்டை.

“நேத்து வரைக்கும் லோகு அண்ணாதான் சரின்ன. ரெடிமேட் ஜாக்கெட்டு, தையலுக்குத் துணின்னு ஊரெல்லாம் சொன்ன. இன்னைக்கு என்னாச்சும்மா?”

“யோசிச்சுப் பாத்தேன்.”

“என்ன யோசிச்ச?”

“பில்லு.”

“லோகு அண்ணா கடையிலும்தான் பில்லு இருக்குது. நீ எதையோ மனசுல வெச்சுட்டுப் பேசற.”

“நீ எதையும் மனசுல வெச்சுக்கலயா அம்மிணி?”

அவள் மடிக்கணினிக்கு அடியிலிருந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தாள். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான்.

அவர் நடுவில் புகுந்து, “ஏ புள்ள, ஒரு பொட்டி வாங்கறதுக்கு இத்தன பஞ்சாயத்தா? சாமிகிட்டப் பூக்கட்டிப் பாத்துட்டு வேலையப் பாருங்க” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சிந்துவின் ஜாதகத்தை எடுக்கலாமா என்று கேட்டபோதும், இந்த வீட்டுக்குப் போர் போட்டபோதும் தெருமுனைப் பிள்ளையாரிடம் பூக்கட்டித்தான் பார்த்தோம். இலைப் பொட்டலம் ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். எது வருகிறதோ அது உத்தரவு.

“சரி” என்றாள் சிந்து. நான் எதிர்பார்க்கவில்லை. “வெள்ள வந்தா அப்பா சொன்னது. செவப்பு வந்தா லோகு அண்ணா. அதுக்கப்பறம் யாரும் மாத்திப் பேசக்கூடாது.”

“பேசமாட்டேன்” என்றேன்.


ஆவணி 14, வெள்ளி

காலையில் குளித்துவிட்டுப் பூப்பறித்தேன். சிவப்புக்குச் செவ்வரளி, வெள்ளைக்கு நந்தியாவட்டை, இரண்டும் கூடையில் இருந்தன. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாழையிலையில் இரண்டு பொட்டலம் மடித்து, நாரை நனைத்துக் கட்டினேன். கட்டி முடித்தபோது கூடையில் செவ்வரளி பறித்தது பறித்தபடியே கிடந்தது. அதை முருகன் படத்துக்குச் சாத்திவிட்டேன்.

எதிர்வீட்டுப் பாப்பா மகிழினிதான் எடுத்தாள். நான்கு வயது. எதை எடுப்பது என்று வெகுநேரம் யோசித்தது. எடுத்ததை அவர் பிரித்தார். வெள்ளை.

“பாத்தியா, சாமிக்கும் பில்லு வேணுமாம்” என்று அவர் சிரித்தார்.

சிந்து சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளையார் காலடியில் மீதியிருந்த பொட்டலத்தைக் குனிந்து எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்தாள்.

“அது எதுக்கு அம்மிணி?”

“சாமி முன்னால வெச்சதும்மா. அங்கயே கெடந்தா யாராச்சும் மிதிப்பாங்க.”


ஆவணி 16, ஞாயிறு

அந்தப் பொட்டலம் அவள் மேசையில், பழைய மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டு அவிழவில்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருப்பாளோ? நான் முடிச்சை இடப்பக்கம் போடுவேன். கூட்டும்போது குனிந்து பார்த்தேன். இடப்பக்கம்தான் இருக்கிறது. அவளும் என்னிடம் பழகினவள்தானே, இடப்பக்கமே போட்டிருப்பாள்.


ஆவணி 17, திங்கள்

ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

அவர் ஷோரூமுக்கு முன்பணம் கட்டட்டுமா என்று கேட்டார். இரண்டு நாள் போகட்டும் என்றேன். ஏன் என்றார். அஷ்டமி, நவமி என்று வாயில் வந்ததைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார். “அதெல்லாம் போன வாரமே போயிருச்சு” என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.


ஆவணி 18, செவ்வாய்

துணி மடித்து வைக்க அவள் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. துணியோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

“இல்லடி நவீனா, நான் வரல. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க... வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல... பூக்கட்டிப் பாத்தாங்க, வெள்ள வந்துருச்சு... சிரிக்காத. எனக்கு நம்பிக்க இருக்குதா இல்லையான்னு தெரியல. ஆனா எங்கம்மாவுக்கு இருக்குது. அம்மா கையால கட்டுனது. அதுக்கு மேல என்னடி?”

அப்புறம் அழுதாளா என்று தெரியவில்லை. குக்கர் விசில் வந்தது. போய்விட்டேன்.

பிறகு துணியை வைக்கப் போனபோது முகம் கழுவியிருந்தாள். பொட்டலத்தைக் காட்டி, “இத இன்னும் பிரிச்சுப் பாக்கலயா?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“எதுக்குப் பிரிக்கோணும்? கட்டுனது நீதான.”


ஆவணி 19, புதன்

விளக்கேற்ற உட்கார்ந்தேன். பிள்ளையார் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. திரியையே பார்த்துக்கொண்டு ஏற்றினேன்.

இந்த மாதம் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். டை கட்டிய தம்பி, லோகு, பன் வாசனை, வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் விரல், என் மகள். இத்தனை பேரில் என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

சிந்து கோயமுத்தூர் இன்ஜினியருக்கு ஒரு வீடு முடித்து அனுப்பினாள். மாடியில் ஜன்னல் வைக்க மறந்துவிட்டாளாம், திருப்பி அனுப்பிவிட்டார். அவள் இப்படிச் செய்கிறவள் இல்லை.


ஆவணி 20, வியாழன்

பொட்டலத்தை எடுத்துச் செவ்வரளிச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டேன். இலை கறுத்துவிட்டது, அதனால்.

சாயங்காலம், “அந்தப் பொட்டலம் எங்கம்மா?” என்றாள். சொன்னேன். செடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். “ஏனுங்க, அன்னைக்குப் பூக்கட்டுனது செல்லாதுங்க. நான் நார நனைக்கறப்ப மஞ்சத்தண்ணி தெளிக்கல. நாளானிக்கிச் சதுர்த்தி. மறுக்காவும் கேட்டரலாம்.”

“ஏ, சாமி என்ன கவுர்மெண்டு ஆபீசா? ஒரு மனு தள்ளுபடியானா இன்னொரு மனு போடறதுக்கு?”

“செல்லாததச் செல்லும்னு சொல்ல முடியுங்களா?”

“வெள்ள வந்ததுதான உனக்கும் வேணும்? பொறகென்ன?” என்று என் முகத்தையே பார்த்தார். நான் ரசம் எடுக்கப் போய்விட்டேன். சிந்து தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.


ஆவணி 22, சனி, பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டைக்கு மாவு வறுத்து வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போனேன். செவ்வரளி நிறையப் பூத்திருந்தது. நந்தியாவட்டைப் பக்கம் போகவில்லை.

பொட்டலம் கட்டினேன். மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன்.

பிள்ளையாரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். போன தடவை என் மகளைப் பிடித்து வைக்க உன்னை இழுத்தேன். இந்தத் தடவையும் உன்னைத்தான் இழுக்கிறேன். எந்தத் தண்டனையானாலும் எனக்குக் கொடு. அவள் பயணத்தில் எதையும் வைக்காதே.

கூட்டம் குறைந்தபிறகு மகிழினியை அழைத்தோம். இந்தத் தடவை யோசிக்காமல் எடுத்துவிட்டது. அதற்குக் கொழுக்கட்டை மேல் கண். அவர் பிரித்தார். சிவப்பு.

“அட” என்றார். மகிழினியைத் தூக்கிக்கொண்டு கொழுக்கட்டை வாங்கித்தரப் போனார்.

சிந்து குனிந்து மீதிப் பொட்டலத்தை எடுத்தாள். போன தடவை மாதிரி பைக்குள் வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நாரை அவிழ்த்தாள். இலையை விரித்தாள். செவ்வரளி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

இலையைத் திரும்ப மடித்து, நாரைச் சுற்றி, இடப்பக்கம் முடிச்சுப் போட்டாள்.

“நல்லாக் கட்டியிருக்கம்மா” என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். சந்து திரும்பும் இடத்தில் அவள்தான் ஆரம்பித்தாள்.

“மொதப் பொட்டலத்தையும் நான் அன்னைக்கே பிரிச்சிருக்கலாம்.”

“பிரிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன்.”

“இப்ப?”

“இப்பச் சொல்லிட்டுப் போவேன்.”

கொஞ்ச தூரம் நடந்தோம். “பெங்களூர்ல தண்ணி எப்படியாமா? தலைமுடி கொட்டும்னு சொல்றாங்களே?” என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் இப்படியெல்லாம் பிடிக்கிறவள் இல்லை.


ஆவணி 24, திங்கள்

லோகுவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கார்டுக்கு அடியில் முட்டு நன்றாகக் கொடுக்கச் சொன்னேன். “ஆடவே ஆடாதுங்க்கா” என்றான். “ஆடுச்சுன்னா வருவேன்” என்றேன்.

டை கட்டிய தம்பி இன்னும் கூப்பிடுகிறான். நம்பரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறான். நான் நினைத்தது சரிதான்.


ஆவணி 30, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. லோகுவே கொண்டுவந்து வைத்துக் காட்டினான். சிந்து அந்த ஜன்னல் மறந்த வீட்டைத் திறந்தாள். பழையதில் சுற்றி வர மூச்சு வாங்கும்; இதில் தட்டாமாலை மாதிரி சுற்றியது. மாடியில் ஜன்னல் வைத்தாள். வெயில் உள்ளே விழுந்தது.

குங்குமம் வைத்தேன். பக்கத்து ஓட்டைகளில் வைக்கக்கூடாது, காற்றுப் போகும் வழி என்றாள். முன்னால் வைத்தேன்.

லோகு போனபிறகு அவர் வந்து சுற்றிப் பார்த்தார். “என்ன புள்ள இது, தூக்குப்போசியாட்டம் கைப்பிடி?”

சிந்து என்னைப் பார்த்தாள்.

“கூட்டறப்ப நகத்தி வெக்கறதுக்குங்க” என்றேன்.

அவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். ஒயர்களைக் கழற்றச் சொல்லி, வாசல் நிலை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். கொப்பரை மூட்டையை எடை பார்ப்பதுபோல் ஒருமுறை கையைத் தாழ்த்தி உயர்த்தினார். மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“கனந்தான்” என்றார். “பஸ்ஸுல மேல வெக்க வேண்டாம்னு சொல்லு. மடியில வெச்சுட்டுப் போகோணும்.”

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கொப்பரைக் களத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை களத்தில் வேலை கிடையாது.


ஆவணி 31, திங்கள்

பெட்டிக்கு உறை தைத்தேன். ஓடும்போது போடக்கூடாது, அணைத்தபிறகுதான் போட வேண்டும் என்று லோகு சொல்லியிருக்கிறான். நீலக் காடாத் துணி. உள்ளே மெத்தென்று லைனிங் கொடுத்தேன். அளவெடுத்தபோது சுற்றிலும் அரை இஞ்ச் கூட விட்டேன். பிறகு உள்ளே ஏதாவது சேர்த்தால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளட்டும். கைத்தையல் அவளுக்குத் தெரியும்.

இந்த வீட்டில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தையல் மிஷினுக்கும் உறை தைத்திருக்கிறேன். மேலே வாய் விட்டுத் தைத்தது இது ஒன்றுதான். கைப்பிடி வெளியே வர நீளமாக ஒரு வாய் வெட்டி, ஓரத்துக்குக் காஜா எடுத்தேன். இரண்டு முனையிலும் தையல் மேல் தையல் ஓட்டினேன். தூக்கும்போது இழுப்பு அங்கேதான் விழும். பிரிந்துவிடக் கூடாது.

துணி வீட்டிலிருந்தது. லைனிங் வீட்டிலிருந்தது. செலவு இல்லை.